நடைப்பிணத்தின் கூலி

சென்ற மார்கழி விடுமுறையின்போது என் மகனுடைய பிள்ளை இரண்டு வாரம் என்னோடு தங்கியிருந்தான். பன்னிரண்டு வயதுச் சிறுவன். பகற்பொழுதைக் கிணற்றடியிலும் மாமரத்திலுமாகக் கழித்துவிட்டு, இராச் சாப்பாடு முடிந்ததும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே சப்பாணி கட்டி உட்கார்ந்துவிடுவான். அவன் விரும்பிப் பார்த்தவை எல்லாம் பிணங்கள் எழுந்து நடக்கும் அந்நிய நாட்டுப் படங்கள். எனக்கு அவற்றிலே நாட்டமில்லை. ஆயினும், பிள்ளை தனியே இருந்து பார்த்துப் பயந்துவிடக் கூடாதே என்ற எண்ணத்தினால் நானும் சாய்மனைக் கதிரையை அவனருகே இழுத்துப் போட்டுக்கொள்வேன். பயந்தவன் நான்தான் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

ஒருநாள் இரவு ஓடிய படத்திலே, ஒரு மதிலின் மேல் நின்ற சிலர் கீழே திரண்டு நின்ற கூட்டத்தை நோக்கி இயந்திரத் துப்பாக்கிகளாற் சுட்டுக்கொண்டிருந்தனர். ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தலைகள். கந்தல் உடை, ஒட்டிய வயிறு, நீட்டிய கை. "போதும், நிற்பாட்டு" என்றேன். சிறுவன் திரும்பிப் பார்த்தான். என் அறியாமைக்கு இரங்கியவன்போல, "அதுகள் முந்தியே செத்ததுகள் அப்பப்பா. சுட்டாப் பாவமில்லை" என்றான்.

அந்தப் படத்தின் நியாயத்தை அவன் சரியாகவே விளங்கிக்கொண்டிருந்தான். கூட்டத்தைச் சுடவேண்டுமாயின் முதலில் அக்கூட்டத்தை உயிரற்றதாக்கிவிட வேண்டும் என்பது துப்பாக்கி வைத்திருப்போர் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இந்த நாட்டில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்ட எனக்கும் அது தெரியும். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில், அந்தப் பிணங்களின் பூர்வீகத்தை நான் ஓரளவு படித்திருந்தேன். அவை பிறந்த மண்ணிலே அவை எவரையும் கடித்ததில்லை, தின்றதில்லை. அவை செய்ததெல்லாம் ஒன்றுதான். வேலை.

மறுநாட் காலை, கிணற்றுக் கட்டில் இருந்தபடி பேரனுக்கு ஒரு கதை சொன்னேன். அது 1929ஆம் ஆண்டிலே வில்லியம் சீபுறூக் என்ற அமெரிக்கர் 'மந்திரத் தீவு' என்னும் தம் நூலில் எழுதி வைத்தது. ஹெயிட்டி நாட்டு விவசாயி ஒருவர் தமக்குச் சொன்னதாக அவர் எழுதுகிறார்.

1918ஆம் ஆண்டு ஹெயிட்டியிற் கரும்பு அமோகமாக விளைந்திருந்தது. தலைநகரின் அயலிலே ஓர் அமெரிக்கச் சீனிக் கம்பனியின் பெரிய ஆலை. வெட்டுக்கு ஆட்கள் போதவில்லை. கம்பனி ஆட்பிடிக்கத் தொடங்கியது. மலைப்பக்கத்துக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக, தலைவன் முன்னே வர, மற்றவர்கள் பின்னே வந்து பெயர் பதிந்தார்கள். ஒரு நாள் யோசெப் என்ற கிழவனும் அவன் மனைவியும் ஒரு கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வந்தனர். அக்கூட்டத்தினர் கந்தல் உடுத்திருந்தனர். கண்கள் எங்கோ வெறித்தன. பெயரைக் கேட்டாற் பதில் வரவில்லை. 'இவர்கள் எட்டாத மலைநாட்டார், பட்டிக்காடுகள், ஆலையின் இரைச்சலுக்கு மிரள்வார்கள், தூரத்து வயலிலே வேலை தாருங்கள்' என்றான் யோசெப். அப்படியே கொடுத்தார்கள். அவர்கள் வெயிலிலே மாடுபோல உழைத்தனர். வேகம் குறைந்தால் அவன் அடித்தான். இரவிலே அவன் மனைவி அவர்களுக்கு உப்பில்லாத கூழ் காய்ச்சிக் கொடுத்தாள். உப்புப் பட்டால் அவர்களுக்குத் தாம் யார் என்பது தெரிந்துவிடும். ஏனெனில் அவர்கள் கல்லறையிலிருந்து எழுப்பிக்கொண்டு வரப்பட்டவர்கள்.

ஒரு திருநாள் வந்தது. கணவன் நகரத்துக்குப் போய்விட்டான். காவலுக்கிருந்த மனைவிக்குத் தானும் ஊர்வலம் பார்க்க வேண்டும் என்ற ஆசை. அவர்களையும் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனாள். எல்லோரும் தின்று குடித்து மகிழ, இவர்கள் மட்டும் வெறித்தபடி குந்தியிருந்ததைக் காண அவளுக்கே மனம் பொறுக்கவில்லை. நம்மூர்க் கச்சான் அல்வாவைப் போன்ற ஒரு பலகாரம் வாங்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். இனிப்புத்தானே என்று நினைத்தாள். ஆனால் அந்தக் கச்சானைச் சேர்க்குமுன் உப்பிட்டு வைத்திருந்தார்கள். வாயிலே உப்புப் பட்டதும் அவர்கள் ஓவென்று கத்தியபடி எழுந்து, மலையை நோக்கி நடந்தார்கள். மறிக்க எவருக்கும் துணிவில்லை. ஊரை அடைந்தபோது உறவினர் அவர்களை அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டனர். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே இடுகாட்டுக்குச் சென்று, தத்தம் குழியைக் கையாற் கிளறி, அதன்மேல் விழுந்து, பிணமாயினர்.

கதையை முடித்தேன். பேரன் கொஞ்ச நேரம் வாளிக் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "அப்ப அவையின்ரை சம்பளம்?"

சனிக்கிழமை தோறும் யோசெப் அதைக் கம்பனியிடம் எண்ணி வாங்கிக்கொண்டான் என்றேன். உண்மையிற் கதையில் அப்படித்தான் இருக்கிறது. நூற்றுக்கணக்கான திகிற் படங்களில் எவரும் கேளாத கேள்வியை ஒரு பள்ளிக்கூடப் பையன் கேட்டுவிட்டான். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அக்கேள்விதான்.

ஹெயிட்டியின் பழைய பெயர் சென் டொமாங். கரிபியன் கடலிலே உள்ள ஹிஸ்பானியோலாத் தீவின் மேற்குப் பகுதியாகிய அதனை 1697ஆம் ஆண்டு ஸ்பெயின் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்தது. அடுத்த நூறாண்டுகளுக்குள் உலகத்திலேயே மிகுந்த இலாபந் தரும் குடியேற்ற நாடாக அது மாறியது. 1789இல் அங்கே ஏறத்தாழ ஐந்து இலட்சம் அடிமைகள் இருந்தனர். வெள்ளையரோ நாற்பதினாயிரத்துக்கு மேற்படார். ஐரோப்பா உட்கொண்ட சீனியில் ஐந்தில் இரண்டு பங்கு இந்தச் சிறு நிலத்திலிருந்து போயிற்று. கோப்பியிற் பாதிக்கு மேல் போயிற்று. பாரிசிலே வால்டேயர் காலத்துக் கனவான்கள் கோப்பிக் கடைகளில் இருந்து மனித உரிமையைப் பற்றி விவாதித்தபோது அவர்களுடைய கிண்ணத்திற் கரைந்தது என்ன என்பதை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

கரும்பு வெட்டியதும் உடனே பிழியப்பட வேண்டும். பிந்தினால் சாறு புளித்துவிடும். ஆகவே அறுவடைக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும். தூக்கக் கலக்கத்தில் உருளைகளுக்குள் கை அகப்பட்டுக்கொண்டால் வெட்டிவிடுவதற்கென்று பக்கத்திலே ஒரு கத்தி தயாராக இருக்கும். ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் வந்திறங்கியவர்களிற் பெருந்தொகையானோர் சில ஆண்டுகளுக்குள் மாண்டனர். பிறப்பிலும் இறப்பு மிகுந்திருந்தது. தோட்டத்துரைமார் கணக்குப் பார்த்தனர்: அடிமைக்கு நல்ல உணவு கொடுத்து நெடுநாள் வாழவைப்பதைவிட, பிழிந்து தீர்த்துவிட்டுப் புதியவனை வாங்குவது மலிவு. கரும்பும் மனிதனும் ஒரே உருளைக்குள் ஒரே கணக்கிற் போயினர்.

இந்த மக்களுக்கு ஒரேயொரு ஆறுதல் இருந்தது. செத்தால் கினியாவுக்குத் திரும்பிவிடலாம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. கினியா என்றால் தேசப்படத்தில் உள்ள கினியா நாடு மாத்திரமன்று. கடலுக்கு அப்பால், கடலுக்கு அடியில், முன்னோர் இருக்கும் ஊர். சாவு என்பது வீடு திரும்பும் பயணம். தற்கொலை செய்துகொண்டவர்கள் பலர். அடிமையின் உடல் முழுவதும் துரைக்குச் சொந்தம். சாவு ஒன்றுதான் அவனுக்குச் சொந்தம்.

அந்தச் சாவையும் பறித்துவிட்டால்? செத்த பிறகும் விடிய எழுந்து கரும்பு வெட்டப் போகவேண்டும் என்று வந்துவிட்டால்? ஸொம்பி என்பது இந்தக் கேள்விக்கு ஏழை மக்கள் இட்ட பெயர். சொல்லின் வேர் ஆபிரிக்காவின் கொங்கோ மொழிகளில் இருக்கிறது என்பர். ஆவி, தெய்வம் என்ற பொருளுடைய சொற்களோடு அதனை இணைத்துக் காட்டுவர். 1697இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு நவீனத்தின் தலைப்பிலேயே இச்சொல் இருக்கிறது. ஆனால் அங்கே அதன் பொருள் வெறும் ஆவிதான். சென் டொமாங்கைப் பற்றி 1797இல் எழுதிய மொரோ த சென் மெரியும் திரும்பி வரும் ஆவி என்றே பொருள் கூறினார். உடலோடு எழுந்து உழைக்கும் பிணம் என்ற கருத்து பின்னரே முன்னணிக்கு வந்தது. ஹெயிட்டியில் இன்றும் இருவகை ஸொம்பிகளைப் பற்றிப் பேசுவர். ஒன்று, போத்தலில் அடைத்து வைக்கப்பட்ட உயிர். மற்றது, உயிர் பறிக்கப்பட்ட உடல். உடலை எழுப்பி வேலை வாங்குபவனைப் பொக்கோர் என்பர். அவன் கூலிக்கு மந்திரம் செய்யும் சூனியக்காரன். வூடூ சமயத்தின் பூசகன் வேறு, இவன் வேறு. சினிமாக்காரர் இருவரையும் ஒருவராக்கிவிட்டனர். அதனால் ஒரு முழுச் சமயத்துக்கே கெட்ட பெயர் வந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹெயிட்டி விவசாயி ஸொம்பியைக் கண்டு அஞ்சவில்லை. ஸொம்பியாகிவிடுவோமோ என்றே அஞ்சினான். இந்த அச்சம் அவனுடைய இழவு வீட்டுச் சடங்குகளில் எப்படி இடம்பிடித்தது என்பதைப் பிரெஞ்சு மானிடவியலாளர் அல்பிரெட் மெத்ரோ 1958இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காணலாம். செத்தவரின் வாயைத் தைத்துவிடுவார்களாம். பொக்கோர் பெயர் சொல்லி அழைத்தாற் பதில் சொல்ல முடியாதபடி. பெட்டிக்குள் எள்ளைத் தூவுவார்களாம். எண்ணி முடிக்கும்வரை பிணத்துக்கு வேறு அலுவல் இராது. காதில்லாத ஊசியும் நூலும் வைப்பார்களாம். கோத்துக்கொண்டே இருக்கட்டும் என்று. கையிலே கத்தி கொடுத்துப் புதைப்பதும் உண்டு, தொடுபவனைக் குத்துவதற்கு. இவற்றை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற தாயின் பிணத்தருகே இருந்து, இவளை இனியும் எவனாவது வேலைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவானோ என்று எள் தூவும் மகனுடைய கையை நினைத்துப் பார்த்தேன். எத்தனை தலைமுறை உழைப்பு அந்தக் கையின் பின்னால் நிற்கிறது!

சட்டமும் இதைக் கண்டுகொண்டது. ஹெயிட்டியின் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தண்டனைச் சட்டக் கோவையில் 246ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒருவரைக் கொல்லாமல் நெடிய மயக்கத்தில் ஆழ்த்தும் பொருளைக் கொடுப்பது நஞ்சூட்டலுக்குச் சமம்; அம்மயக்கத்தில் அவர் புதைக்கப்பட்டால் அது கொலை; பின்னர் என்ன நடந்தாலும் கொலைதான் என்று அது கூறிற்று.

1791ஆம் ஆண்டு ஆவணியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த வரலாறும், தூசான் லூவெர்த்தூரின் தலைமையும், நெப்போலியன் அனுப்பிய சேனையை அவர்கள் முறியடித்ததும், 1804ஆம் ஆண்டு தை முதலாந் திகதி ஹெயிட்டி சுதந்திர நாடாகியதும் வாசகர் அறிந்தவை. அச்சுதந்திரத்துக்குப் பிரான்சு 1825இல் விலை கேட்டதையும் குறிப்பிட்டுவிட வேண்டும். பறிபோன சொத்துக்களுக்கு, அதாவது முன்னாள் அடிமைகளின் சொந்த உடல்களுக்கும் சேர்த்து, 15 கோடி பிராங்கு. பின்னர் 9 கோடியாகக் குறைத்தார்கள். அதனைக் கட்டுவதற்கு வாங்கிய கடன்களின் மிச்சம் 1947இலேதான் தீர்ந்தது. விடுதலையான பிறகும் தலைமுறை தலைமுறையாகப் பழைய எசமானுக்கு உழைப்பவனை எந்தப் பெயரால் அழைப்பது?

1915ஆம் ஆண்டு ஆடியில் அமெரிக்கக் கடற்படையினர் வந்திறங்கினர். 1934 வரை போகவில்லை. வெளிநாட்டார் நிலம் வாங்கக் கூடாது என்றிருந்த பழைய தடை 1918ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அகற்றப்பட்டது. வீதி போடுவதற்கு ஆட்கள் தேவைப்பட்டபோது, தூசி படிந்து கிடந்த ஒரு பழைய சட்டத்தைத் தேடியெடுத்து, விவசாயிகளைக் கட்டாய வேலைக்குப் பிடித்தனர். கயிற்றாற் பிணைத்து ஓட்டிச் செல்லப்பட்டவர்கள் உண்டு. தப்பி ஓடியவர்கள் சுடப்பட்டனர். இதனை எதிர்த்து எழுந்த விவசாயிகளின் தலைவன் சார்ள்மேன் பெரால்ட் 1919இற் காட்டிக்கொடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டான். அவனுடைய உடலை ஒரு கதவிலே கட்டி நிறுத்திப் படம்பிடித்து, ஊர்களுக்கெல்லாம் விநியோகித்தார்கள். பயமுறுத்தலாம் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் மக்கள் அந்தப் படத்திலே சிலுவையில் அறையுண்டவரைக் கண்டனர்.

யோசெப்பின் கதை நடந்ததாகச் சொல்லப்படும் 1918ஆம் ஆண்டு, ஆட்களைக் கயிற்றிற் பிணைத்து வேலைக்குக் கொண்டுபோன காலம் என்பதை இப்பொழுது நினைவிற் கொள்ளவேண்டும். கதை சொன்ன விவசாயி மந்திரத்தைப் பற்றிச் சொன்னானா, தான் கண்ணாற் கண்டதைப் பற்றிச் சொன்னானா? சீபுறூக் தாமே மூவரை வயலிலே போய்ப் பார்த்தார். முதலில் உடல் நடுங்கினாலும், ஒருவனுடைய கையைத் தொட்டுப் பார்த்தபின், இவர்கள் சித்தங் கலங்கிய பாவப்பட்ட மனிதர்கள், இவர்களைப் பிடித்து வேலை வாங்குகிறார்கள் என்று முடிவு செய்தார். அந்தப் பக்கத்தை அமெரிக்க வாசகர் விரைவாகப் புரட்டிவிட்டனர் போலும். அவர்களுக்கு வேண்டியது பிணம்.

ஹொலிவூட் பிணத்தைக் கொடுத்தது. விக்டர் ஹல்பெரினின் 'வெள்ளை ஸொம்பி' 1932இல், கடற்படை இன்னும் ஹெயிட்டியில் நின்ற காலத்திலேயே, திரைக்கு வந்தது. பெலா லுகோசி மந்திரவாதியாகவும் சீனி ஆலை முதலாளியாகவும் ஒரே உருவில் வருகிறார். அதில் ஒரு காட்சி எந்தத் தொழிலாளர் கட்சிப் பத்திரிகையும் பொறாமைப்படத்தக்கது. இருண்ட ஆலைக்குள் ஸொம்பிகள் ஆளுயர மரச்செக்கைச் சுற்றித் தள்ளுகின்றனர்; மேலேயிருந்து கரும்பைக் கூடையிற் கொண்டுவந்து கொட்டுகின்றனர்; ஒருவன் கால் தவறி அதனுள்ளே விழுகிறான். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. செக்கு நிற்பதில்லை. அதன் கிறீச்சொலி மட்டும் தொடர்கிறது. தன் ஆட்கள் விசுவாசமானவர்கள், வேலை நேரம் நீண்டாற் கவலைப்படாதவர்கள் என்று முதலாளி விருந்தாளியிடம் பெருமை பேசுகிறான். படம் இந்த இடத்திலே நின்றிருந்தால் உலகத் திரைப்பட வரலாறு வேறாக இருந்திருக்கும். ஆனால் ஹொலிவூட்டுக்கு அந்த ஆலைத் தொழிலாளர் யாரென்பதில் அக்கறையில்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண் அவர்களைப்போல ஆகிவிடுவாளோ என்பதே கதை. தலைப்பிலேயே அது இருக்கிறது: 'வெள்ளை' என்ற அடைமொழி இல்லாவிட்டால் அழுவதற்கு என்ன இருக்கிறது?

இங்கே உப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உப்புப் பட்டதும் ஸொம்பிக்கு அறிவு திரும்புகிறது என்ற செய்தியைப் படித்த அன்றே அது என்னைக் குத்திற்று. நம்மிடமும் உப்பைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. ஒன்று, உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது. இது எசமான் வீட்டுத் திண்ணையிற் பிறந்த பழமொழி என்று நான் நினைப்பதுண்டு. மற்றது, அடுக்களையிற் பிறந்தது: "சோற்றுக்கு உப்புப் போட்டுத்தானே தின்கிறாய்?" முதலாவது உப்பு மனிதனைக் கட்டிப்போடுகிறது, இரண்டாவது உப்பு அவனுக்குச் சுரணை கொடுக்கிறது. ஹெயிட்டி விவசாயிக்கு நம் மொழி தெரியாது. ஆனால் அவனுடைய உப்பு இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

என் தாயாரிடமிருந்து அந்த இரண்டாவது பேச்சை நான் வாங்கிக் கட்டியிருக்கிறேன். 1972ஆம் ஆண்டு, கொழும்பிலே ஒரு தனியார் அலுவலகத்தில் எழுதுவினைஞனாக வேலை பார்த்தேன். பேரேட்டில் மேலதிகாரி செய்த ஒரு தவற்றுக்கு ஏவலாளர் ஒருவரைப் பொறுப்பாக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். தாளைக் காணாமற் போக்கியவர் அவரே என்று எழுதிய கூற்றிலே சாட்சிக் கையெழுத்து வைக்கும்படி என்னிடம் நீட்டினார்கள். எனக்கு உண்மை தெரியும். கையெழுத்து வைத்தேன். அன்றும் வழமைபோல ஐந்து மணிக்குப் பேனையை மூடி வைத்துவிட்டு, பேருந்தேறி, அறைக்குப் போய், உண்டு, உறங்கினேன். அதுதான் எனக்கு இன்றும் விளங்காதது, நன்றாக உறங்கினேன். லீவில் ஊருக்குப் போனபோது இதை ஒரு வேடிக்கைபோல அம்மாவிடம் சொன்னேன். அவர் சோற்றுக் கோப்பையை என் முன்னே வைத்துவிட்டு, "ஏன் மோனை, நான் போட்ட சோத்திலை உப்பில்லையே?" என்றார். வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. நடைப்பிணம் என்ற சொல்லைக் கதைகளில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதன் பொருளை அன்றுதான் கண்டேன்.

அக்காலத்திலே நாங்கள் பேய், பிசாசு, சூனியம் ஆகியவற்றை ஒரே வாயாற் கண்டித்துக்கொண்டிருந்தோம். மூடநம்பிக்கை ஒழிப்புக் கூட்டங்களில் நானும் மேடையேறி முழங்கியவன். அம்முழக்கத்தை இன்றும் நான் முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. பொக்கோரின் மந்திரத்தால் பிணம் எழாது. ஆனால் ஹெயிட்டியின் பொதுவுடைமையாளர் ஒருவர் இவ்விடயத்தில் எங்களைவிட ஆழமாகச் சிந்தித்திருக்கிறார். அவர் ஜாக் றூமேன்; அந்நாட்டுப் பொதுவுடைமைக் கட்சியை 1934இல் நிறுவியவர்; நவீனாசிரியர்; 1944இல், முப்பத்தேழு வயதிலேயே மறைந்தவர். 1941-42 காலப்பகுதியிற் கத்தோலிக்கத் திருச்சபை, அரசாங்கத்தின் ஆதரவோடு, வூடூவை ஒழிக்கும் இயக்கம் ஒன்றை நடத்தியது. மேளங்களை எரித்தார்கள், புனித மரங்களைத் தறித்தார்கள். றூமேன் கடவுள் நம்பிக்கை அற்றவர். ஆயினும் அதனை எதிர்த்து எழுதினார். மருத்துவரும் பாடசாலையும் இல்லாத மலைக் கிராமத்தில் மேளத்தை எரிப்பதால் ஆவதென்ன, ஒழிக்க வேண்டியது வறுமையை என்பது அவருடைய வாதத்தின் சாரம். நாங்கள் மேடையில் நின்று மேளத்தைப் பார்த்தோம். அவர் அதை அடித்தவனைப் பார்த்தார்.

விஞ்ஞானிகளும் இந்த விடயத்தில் இறங்கியிருக்கின்றனர். 1980களில் வேட் டேவிஸ் என்ற ஆய்வாளர், பொக்கோர்கள் செய்யும் பொடியிற் பேத்தை மீனின் நஞ்சு இருக்கிறது, அதுவே மனிதரைச் செத்தவர்போல ஆக்குகிறது என்றார். அவர் சேகரித்த பொடிகளில் அந்நஞ்சு போதிய அளவு இல்லை என்று மற்றவர்கள் மறுத்தனர். எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றியது 1997இல் 'லான்செற்' மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த ஒரு கட்டுரை. லிற்றில்வூட், டூயோன் என்ற இரு மருத்துவர்கள், ஸொம்பிகள் எனப்பட்ட மூவரைப் பரிசோதித்தனர். கண்டது மனநோயும் மூளைப் பாதிப்பும். மரபணுச் சோதனை செய்யப்பட்டவர்கள், தம் பிள்ளை, தம் சகோதரி என்று அழைத்துவந்து பராமரித்த குடும்பத்தாருக்கு இரத்த உறவினரே அல்லர். அதாவது, தெருவில் அலைந்த நோயாளி ஒருவரைக் கண்டு, செத்துப்போன தம் பிள்ளைதான் இது என்று ஒரு குடும்பம் வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட்டிருக்கிறது! இதை மூடநம்பிக்கை என்று எழுத என் பேனை மறுக்கிறது.

ஜோர்ஜ் ரொமேரோ 1968இல் எடுத்த 'உயிருள்ள பிணங்களின் இரவு' என்ற மலிவான கறுப்பு வெள்ளைப் படத்தோடு கதை முற்றாகத் தலைகீழாயிற்று. படத்தில் ஸொம்பி என்ற சொல்லே கிடையாது; எழுந்து வரும் பிணங்கள் மனித மாமிசம் தின்கின்றன. பெயரைப் பின்னால் உலகம் ஒட்டிவிட்டது. பொக்கோர் மறைந்தான். ஆலை மறைந்தது. கரும்பு மறைந்தது. வேலை செய்தே தேய்ந்த பிணம், வாய் திறந்து வரும் கூட்டமாக மிஞ்சியது. எனினும் ரொமேரோவை நான் குறை சொல்லமாட்டேன். அவருடைய கதாநாயகன் ஒரு கறுப்பின இளைஞன். இரவு முழுவதும் பிணங்களோடு போராடித் தப்பியவனை, விடிந்ததும் காவற் கூட்டத்து வெள்ளையர் பிணமென்று சுட்டு, கொக்கியில் மாட்டி இழுத்து, தீயிலே போடுகிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டு அது. பின்னே வந்தவர்கள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அந்த முடிவை விட்டுவிட்டார்கள். விளையாட்டுக்கள், தொடர்கள், கொரியப் படம், 2016இல் தமிழிலே 'மிருதன்' என்று அது உலகம் சுற்றிவிட்டது.

ஹெயிட்டியிலே அக்கதைக்கு வேறொரு முடிவு எழுதப்பட்டது. 1957இல் ஆட்சிக்கு வந்த பிரான்சுவா டுவாலியே ஒரு மருத்துவர். இடுகாட்டுத் தெய்வமான சமேடிப் பிரபுவைப்போலக் கறுப்பு உடுத்தி, மக்களுடைய நம்பிக்கையையே அவர்களுக்கு விலங்காக்கியவர். தம்மை 1964இல் ஆயுட்கால அதிபராக்கிக்கொண்டார். 1971இல் இறந்தபோது நாட்டை மகனுக்கு எழுதிவைத்தார். அந்த மகனுடைய ஆட்சியில், 1975ஆம் ஆண்டு, பிரான்கெத்தியென் என்ற எழுத்தாளர் 'டெஸாபி' என்னும் நவீனத்தை வெளியிட்டார். ஹெயிட்டி மக்கள் பேசும் கிறியோல் மொழியில் எழுதப்பட்ட முதல் நவீனம் அதுவே. அதிலே ஒரு கொடிய சூனியக்காரன் ஸொம்பிகளை வயலிற் கட்டிவைத்து வேலை வாங்குகிறான். அவனுடைய சொந்த மகளே அவர்களில் ஒருவன்மேற் காதல் கொண்டு, அவனுக்கு உப்புக் கொடுக்கிறாள். விழித்தெழுந்தவன் இடுகாட்டை நோக்கி நடக்கவில்லை. மற்றவர்களுக்கும் உப்புக் கொடுக்கிறான். எல்லோரும் சேர்ந்து எசமானை நோக்கி நடக்கிறார்கள். பிரான்கெத்தியென் 2025ஆம் ஆண்டு மாசியில் காலமானார்.

பேரன் ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின இரவு மீண்டும் ஒரு பிணப்படம் ஓடியது. நானும் வழமைபோலக் கதிரையை இழுத்துப் போட்டேன். மதில், துப்பாக்கி, கூட்டம் எல்லாம் முன்போலத்தான். முன்வரிசையில் ஒரு கிழவன் தள்ளாடி வந்தான். நீலநிறத் தொழிற்சாலை உடுப்பு. நெஞ்சிலே பெயர் தைத்த ஒரு துணித்துண்டு. எழுத்தை வாசிப்பதற்காகச் சிறுவன் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனான்.

"அப்பப்பா, இவர் எங்கை வேலை செய்தவர்?"

நான் வாய் திறக்குமுன் அவனைச் சுட்டுவிட்டார்கள்.